தேன்குரல் என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

திரையிசைப் பாடகியரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'தேன்குரல்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். பி. சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் இலங்கை வானொலியின் இரைச்சலுக்கிடையிலும் அவர் பாடிய வரிகளை நாம் சொல் பிசகாமல் எழுதிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ழகர ளகர வேறுபாட்டையும் ஒற்றெழுத்துகளையும் மெட்டின் ஓட்டத்தில் கரைந்துபோக விடாமல் அவர் ஒலித்த விதமேயாகும். எஸ். ஜானகியோ குழந்தையாகவும் கிழவியாகவும் குரலை மாற்றிப் பாடும்போதுகூடச் சுருதி விலகாதவர். 2023இல் மறைந்த வாணி ஜெயராமின் பாடல்களில், ஒரே வரியை வெவ்வேறு விதமாக இசைக்கும் சங்கதி எவ்வளவு விரைவானதாயினும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். அவருக்குரிய இடத்தைத் தமிழ்த்திரை முழுமையாக வழங்கவில்லை என்பது என் எண்ணம்.

எல். ஆர். ஈஸ்வரியை வெறும் துள்ளலிசைப் பாடகியாகக் கருதுவோர், யாழ்ப்பாணத்து அம்மன் கோவில்களில் திருவிழாக் காலத்து விடியற்காலையில் ஒலிக்கும் அவருடைய பக்திப் பாடல்களைச் சற்றே கவனிக்கட்டும். தொண்டையை இறுக்காமல், அடிவயிற்றிலிருந்து எழும் அக்குரலின் கனத்தை, எல்லாக் குரல்களையும் கீச்சென்று ஆக்கிவிடும் நமது குழாய் ஒலிபெருக்கிகளாலும் குறைக்க முடிந்ததில்லை.

இசை ஆர்வலர்,
கோண்டாவில்.