பாலஸ்தாபன காலத்தில் வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நெடுங்காலமாகக் கனடாவில் வாழும் எங்கள் பெரியம்மா இந்த வைகாசியில் ஊருக்கு வந்து, சிறு வயதில் கும்பிட்ட கோயில்களை மறுபடியும் கும்பிட்டு மனநிறைவோடு திரும்பியிருக்கிறார். அந்த நிறைவுக்குக் காரணமான உங்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

தை முதல் ஆனி வரையிலான உத்தராயண மாதங்களில்தான் கும்பாபிஷேகங்கள் பெரும்பாலும் நடைபெறுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி என்பது மரபு. யாழ்ப்பாணத்தில் அதோடு போரில் சிதைந்ததையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. ஆகவே இந்த மாதங்களில் எந்தத் திசையில் போனாலும் ஏதோ ஒரு கோபுரத்தில் சாரம் கட்டியிருப்பதைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமான டிக்கெட்டைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். கும்பாபிஷேக முகூர்த்தமோ, பணமும் வேலையும் கூடிவந்த பிறகே நிச்சயமாகிறது. இவ்விரண்டையும் பொருத்தித் திட்டமிட அறிந்தவர்களின் துணை வேண்டும். அது எங்களுக்குக் கேட்காமலே கிடைத்தது.

முதல் நன்றி, பெரியம்மாவின் தாய்வழிக் கோயிலின் குருக்கள் ஐயாவுக்கு. திருப்பணிக்காக அங்கே பாலஸ்தாபனம் நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோயில் பூட்டியிருக்குமோ என்ற கவலையோடு தொலைபேசியில் அழைத்தோம். ஐயா அவசரப்படாமல் விளக்கினார். மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணத்தால் ஈர்த்துக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, அருகே அமைத்த பாலாலயத்தில் வைத்துப் பூசிக்கிறார்கள். கொடியேற்றமும் தேரும் இராது. நித்திய பூசை ஒரு நாளும் தவறாது. “சுவாமி இங்கேதான் இருக்கிறார், வாருங்கள் அம்மா” என்று பெரியம்மாவிடம் அவர் சொன்ன பிறகுதான் பயணம் உறுதியாயிற்று.

அதோடு நில்லாமல், கும்பாபிஷேகத்துக்குக் குறித்த நாளைச் சொல்லி, அதற்கு முன் நடக்கும் எண்ணெய்க்காப்புக்கு இருக்கும்படி பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் அவரே ஆலோசனை தந்தார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மற்ற நாட்களில் கர்ப்பக்கிருகத்தின் வாசற்படியைக்கூட நாம் தாண்ட முடியாது. எண்ணெய்க்காப்பு அன்று வரிசையில் நிற்கும் எல்லோரும், குழந்தை முதல் முதியவர் வரை, உள்ளே போய்த் தங்கள் கையாலேயே மூலவருக்கு எண்ணெய் சாத்தலாம். விடியற்காலையில் போயும் வரிசை வெளிவீதி வரை நீண்டிருந்தது. முன்னால் நின்ற பெண்கள் பெரியம்மாவின் ஊன்றுகோலைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். அவர்கள் யாரென்று தெரியாது, அவர்களுக்கும் நன்றி. உள்ளே கருங்கல் திருமேனி நல்லெண்ணெயில் நனைந்து பளபளத்தது. பெரியம்மா அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்துத் திருவடியிலிருந்து திருமுடிவரை வைத்தார். கை நடுங்கியது. பின்னால் அத்தனை பேர் காத்திருந்தும் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. எண்ணெய் வழிந்த கையை வெளியே வந்தும் அவர் துடைக்கவில்லை, தலையில் தேய்த்துக்கொண்டார்.

அதே கோயிலின் பரிபாலன சபையினருக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. உளியால் பொளிந்த வைரக்கல் என்னும் கடினமான கல்லால் கட்டிய பழைய வசந்த மண்டபத்தை அவர்கள் இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். திருப்பணி என்றாலே பழையதைத் தகர்த்துக் கொங்கிறீட்டில் பெரிதாக எழுப்புவது என்ற எண்ணம் நம்மிடையே பரவிவிட்டது. நன்கொடை தரும் எங்களைப் போன்ற குடும்பங்களும் அதற்குப் பொறுப்பு. இங்கே கற்களுக்கு இடையில் பெயர்ந்த சாந்தை மட்டும் நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சிற்பி ஒருவர் சாரத்திலிருந்து இறங்கிவந்து, உளிபட்ட பழைய தடங்களை எங்கள் பிள்ளைகளுக்கு விரலால் தொட்டுக் காட்டினார். அட்டபந்தனத்துக்குக் கொம்பரக்கும் குங்கிலியமும் எருமை வெண்ணெயும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் அழைத்துச் சென்றார். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அந்த மருந்தின் மணம் இன்னும் பிள்ளைகளின் பேச்சில் அடிபடுகிறது.

எண்ணெய்க்காப்புக்கு நாள் ஒதுக்கியதால் மன்னார்ப் பயணத்தை முன்னுக்குக் கொண்டுவந்தோம். வவுனியா சுற்றிப் போகாமல், 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியே வான் வண்டியைச் செலுத்திய சாரதித் தம்பிக்கு நன்றி. பெரியம்மாவின் உடல்நிலைக்கு அந்த வழிதான் சரிப்பட்டது. மன்னாரில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லால் புதுக்கப்பட்டு, 2022 ஆடியில் அல்ல, ஆனி மாதத்தில் கும்பாபிஷேகம் கண்டது என்று, நாங்கள் கேள்விப்பட்டிருந்த தேதியைத் திருத்தித் தந்தவர் அங்கே கண்ட தொண்டர் ஒருவர். பாலாவியில் தீர்த்தம் எடுக்கும் துறைக்கும் அவரே எங்களைக் கூட்டிச் சென்றார்.

கீரிமலையில் 1990இல் குண்டுவீச்சில் சிதைந்த நகுலேஸ்வரம், 2012இல் கும்பாபிஷேகம் கண்டு எழுந்து நிற்பதைப் பெரியம்மா அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார். நெடுநேரம் பேசவில்லை. நயினாதீவுக்கு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழுமுன் முதற் படகிலேயே போய்வரச் சொல்லி, குறிகட்டுவான் துறையில் அவரைத் தாங்கி ஏற்றி இறக்கிய படகுக்காரத் தம்பிகளுக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. எந்தக் கோயிலில் பாலஸ்தாபனம், எங்கே முகூர்த்தம் குறித்தாயிற்று, எங்கே மண்டலாபிஷேகம் நடக்கிறது என்று பத்திரிகை விளம்பரங்களையும் கும்பாபிஷேக அழைப்பிதழ்களையும் சேர்த்து அவர் கொப்பியில் எழுதி வருகிறார். எங்கள் பயணம் முழுவதும் அந்தக் கொப்பியை வைத்தே நடந்தது. அவருடைய சம்மதத்தோடு அதைத் தட்டச்சு செய்து எங்கள் வாசிகசாலையில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். ஊருக்கு வர எண்ணுபவர்கள் உறவினர் யாரையேனும் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், அந்த விவரத்தையும் அங்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
பெரியம்மாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சார்பில்
பெறாமகள்
யாழ்ப்பாணம்