நைரோபியில் இருக்கும் மாதேஷுக்கு

கிருஷ்ணகிரி
ஜூன் 18

அன்புள்ள மாதேஷ்,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் காவேரிப்பட்டணம் போயிருந்தபோது அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. நான் படி ஏறும்போதே, "என்ன கோவிந்தா, இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டார்கள். நீ கவலைப்படாதே.

செல்வியின் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாயே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாங்காய்க் காலத்தில் கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பது உனக்குத் தெரியும். நம் அப்பாக்கள் காத்துக் கிடந்த அதே வரிசைதான். வெயிலில் லோடு வெந்துபோகும், விலை இறங்கும், விவசாயி வாயைத் திறக்க முடியாது. இவளும் இரண்டு சிநேகிதிகளும் ஒவ்வொரு தோப்பிலிருந்தும் பத்து பெங்களூரா மாங்காயை முன்கூட்டியே வாங்கி வந்து, நம் பின்கட்டு அறையில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைக்கிறார்கள். வீடு முழுக்க மாம்பழ வாசனை. பழுத்ததும் கீறி, ஒரு சொட்டுச் சாறை, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரின் கண்ணாடியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்ப்பாள். 14-ஐத் தாண்டினால் முகம் மலர்ந்துவிடும். எந்தத் தோப்புக் காய் எந்த நாளில் வெட்டத் தோதுப்படும் என்று பேக்டரிக்குச் சொல்லி, விவசாயிக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் இவர்கள் தொழில். இந்த வருஷம் நாற்பது தோப்பு சேர்ந்திருக்கிறது.

முதலீடு கேட்டு பெங்களூரு போனார்கள். அங்கே ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனை. கோரமங்களாவில் ஆபீஸ் போட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்" என்றாராம். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். மாந்தோப்பு கோரமங்களாவிலா இருக்கிறது? அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் 28 வருஷம் பேங்கில் இருந்தவன். பத்திரமோ நகையோ ஜாமீனோ இல்லாமல் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. புதுக் கம்பெனிகளுக்கு முதல் போடும் வென்ச்சர் கேப்பிடல்காரர்கள் அடமானம் கேட்பதில்லை, பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். பத்தில் பாதிக்கு மேல் மூழ்கும் என்று தெரிந்தே போடுகிறார்கள். ஏதாவது ஒன்று பல மடங்காகி மற்றவற்றை ஈடுகட்ட வேண்டும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் ஆளை நம்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆளை அடிக்கடி நேரில் பார்க்க முடிய வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். அதனால்தான் உலகம் முழுக்க இந்தப் பணம் சில ஊர்களை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வருவதில் பெரும்பகுதி நைஜீரியா, கென்யா, எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று நாலே நாட்டில் நின்றுவிடுகிறது என்று நீயே எழுதியிருந்தாய்.

வட்டிக் கதையும் இதில் இருக்கிறது. வட்டி குறைவாக இருந்தால் பணம் துணிந்து இப்படிப் போகும், ஏறினால் பத்திரமான இடத்துக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த 2021-ல் உலகத்தில் 600 பில்லியன் டாலருக்கு மேல் ஸ்டார்ட்அப்களில் கொட்டினார்கள். வட்டி 5 சதவீதத்தைத் தாண்டிய 2023-ல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. அப்புறம் 2024-ல் வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஏஐ கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. பணம் சுருங்கினால் சின்ன ஊர்தான் முதலில் காய்கிறது.

ஆனால் எஸ்டோனியாவைப் பார். முழு நாட்டிலும் 13 லட்சம் பேர்தான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே 2011 கணக்குப்படி 18 லட்சத்துக்கு மேல் இருக்கிறோம்! 2003-ல் டாலின் நகரத்துப் பையன்கள் இன்டர்நெட் வழியாகப் பேசும் ஸ்கைப் மென்பொருளை எழுதினார்கள். 2005-ல் ஈபே அதை 2.6 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அதில் சம்பாதித்தவர்கள் அடுத்தவர்களுக்கு முதல் போட்டார்கள், தாங்களும் புதிதாகத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பித் தரும் வைஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்கைப்பின் முதல் ஊழியர். இஸ்ரேலில் அரசாங்கமே இறங்கியது. 1993-ல் யோஸ்மா என்று ஒரு திட்டம் போட்டு 100 மில்லியன் டாலர் ஒதுக்கி, வெளிநாட்டு முதலீட்டாளரைக் கூட்டுச் சேர்த்துப் பத்து நிதிகளை உண்டாக்கினார்கள். லாபம் வந்தால் அரசின் பங்கை மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. பேங்க்காரனாகச் சொல்கிறேன், அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் பக்கமும் பணம் வராமல் இல்லை. ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர் செய்கிறார்கள், போச்சம்பள்ளி பக்கம் ஓலா 500 ஏக்கரில் பேக்டரி கட்டியது. எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அங்கே வேலை. அது நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை ஆபீஸ் இரண்டுக்கும் பெங்களூருவில். முடிவெடுப்பவர்கள் அங்கே, கூலி மட்டும் இங்கே என்றால் நாளைக்குப் புதிதாகத் தொடங்குகிறவன் எப்படி இங்கே முளைப்பான்? சம்பாதித்த நம்மூர்க்காரர்கள் நிலத்திலும் கிரானைட்டிலும் போடுவதில் பத்தில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்குத் தரலாம். நான் என் ஓய்வுப் பணத்தில் மூன்று லட்சம் கொடுத்து, பங்குதாரராகவே கையெழுத்துப் போட்டேன். அரசின் டான்சீட் திட்டத்திலும் தொடக்க நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

நீ நைரோபி போன புதிதில், டீக்கடையில்கூட போனிலேயே காசு கொடுக்கிறார்கள் என்று எழுதினாய். நான் நம்பவில்லை. போனில் பணம் அனுப்பும் அந்த எம்-பெசா 2007-லேயே வந்துவிட்டது, நமக்கு யுபிஐ வர 2016 ஆயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பத் திண்டாடியவர்களின் கஷ்டத்திலிருந்து பிறந்த தொழில் அது. டிராக்டர் வரிசையும் அப்படிப்பட்ட கஷ்டம்தான் என்று செல்வி சொல்கிறாள்.

உனக்கு ஒரு வேலை. நைரோபியிலிருந்து மக்குவேனி பக்கம் மாங்காய் நிறைய விளைகிறதாமே. அங்கே விவசாயிகள் பேக்டரி வாசலில் காத்துக் கிடக்கிறார்களா, எடை போட்டதும் போனில் காசு வந்துவிடுகிறதா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து விவரமாக எழுது. போட்டோவும் அனுப்பு. செல்வி தினமும் கேட்கிறாள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
கோவிந்தன்