சூசிக்கும் ஒரு கேள்வி ஒதுக்குங்கள்

அமெரிக்க நாடகத் தாளுக்குக் கேள்வி எடுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மார்கரெட் எட்சனின் 'விட்' நாடகத்தைப் படித்து, 'கர்வம் பிடித்த பேராசிரியை புற்றுநோய் வந்து மனம் திருந்துகிறாள்' என்று நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். பல வருஷம் கழித்து, அம்மாவோடு மூன்று வாரம் ஒரு வார்டில் இருந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அந்த விடைக்கு அவ்வளவு மதிப்பெண் போட்டிருக்கக் கூடாது.

அறிவு ஒரு தட்டில், இரக்கம் ஒரு தட்டில். முதல் தட்டில் பேராசிரியை விவியனும் டாக்டர் ஜேசனும், அடுத்ததில் நர்ஸ் சூசி. ஒப்பிடுக! இதுதானே உங்கள் வழக்கமான கேள்வி? முதல் தட்டைப் பொறுத்தவரை பாதி சரி. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதைகளைப் பிரித்து மேய்ந்தவள் விவியன். பாட்டி இறந்துவிட்டாள், அவகாசம் வேண்டும் என்று வந்து நின்ற பிள்ளைக்கும் இரங்காதவள். இப்போது சினைப்பைப் புற்றுநோய், நான்காம் நிலை, எட்டுச் சுற்று கீமோ. அவளிடமே படித்த ஜேசன் அவளைப் பிரித்து மேய்கிறான்.

ஆனால் சூசி? வலி தணிக்கும் மார்ஃபின் ஏறும்போது விவியன் 'சோபோரிஃபிக்' என்கிறாள்; தூக்கம் வரவைப்பது என்று பொருள். ஐந்தாவது வயதில், அப்பா பக்கத்தில் இருக்க, முயல்குட்டிக் கதையில் அவள் கற்ற சொல் அது. சொற்களின் மேல் அவளுக்குப் பித்துப் பிடித்ததே அன்றைக்குத்தான். சூசிக்கு அந்தச் சொல் தெரியாது. அது என்னவோ, இதைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்கிறாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விடைத்தாளில் இது 'சூசியின் வெகுளித்தனம்' ஆகிவிடுகிறது. நானும் அப்படித்தான் எழுதினேன்.

விடிகாலை நான்கு மணிக் காட்சியைப் பாருங்கள். யாராவது வரட்டும் என்று விவியனே சொட்டு மருந்துக் குழாயை மடக்கி அலாரத்தை அடிக்க வைக்கிறாள். சூசி வருகிறாள். ஆளுக்குப் பாதியாகக் குச்சி ஐஸ். அப்புறம், டாக்டர்கள் நேராகச் சொல்லாததை அவள் சொல்கிறாள்: இதயம் நின்றால் இழுத்துப் பிடிக்கவா, விட்டுவிடவா, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டுவிடுங்கள் என்கிறாள் விவியன். கடைசியில் ஜேசன் அதை மறந்து, 'இவள் ஆராய்ச்சி', அதாவது ஆராய்ச்சிக்கான நோயாளி, என்று கத்தி அவசரக் குழுவை அழைக்கும்போது அவனைப் பிடித்துத் தள்ளுவதும் சூசிதான். அந்த வார்டில் நோயாளியின் உடலையும் விருப்பத்தையும் பிழையில்லாமல் வாசித்தவள் அவள் ஒருத்தி. அதைப் படிப்பு என்று சொல்ல ஏன் நமக்கு வாய் வரவில்லை?

எட்சன் புற்றுநோய், எய்ட்ஸ் நோயாளிகளின் வார்டில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். 1999இல் இந்த நாடகத்துக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு வந்தபோது அட்லாண்டாவில் மழலையர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வேலையை வெறும் அன்பு என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு இனி என்ன நடக்கும் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னதும் இரவு டியூட்டியில் இருந்த ஒரு நர்ஸ்தான்.

அடுத்த தாளில் இப்படிக் கேட்டுப் பாருங்களேன்: 'இந்த நாடகத்தில் மிகத் தேர்ந்த வாசகர் சூசியே. ஆராய்க.' பதினைந்து மதிப்பெண்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி