கிட்டாரைத் திருப்பிப் பிடித்தவர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கிறாள்.

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, "கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், இனி எங்கே வாசிக்கப் போகிறேன்" என்று. அந்த வரி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் யோசித்துத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

எலிசபெத் காட்டன் பாடிக் கேட்டிருக்கிறாயா? அமெரிக்காவில் வட கரோலினாக்காரர், கறுப்பினப் பெண். 1890களில் பிறந்தவர். அண்ணன் வேலைக்குப் போன பிறகு அவருடைய வாத்தியத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துப் பழகியவர். பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போனபோது மாதச் சம்பளம் 75 சென்ட். அதில் சேர்த்துத்தான் 3.75 டாலருக்குச் சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கினார். கணக்குப் போட்டுப் பார், ஐந்து மாத உழைப்பு! வீட்டுப் பக்கத்தில் ஓடிய சரக்கு ரயிலைப் பற்றி ‘ஃப்ரைட் ட்ரெயின்’ என்ற பாட்டைக் கட்டியபோது வயது பதினொன்றோ பன்னிரண்டோதான்.

அவர் இடது கைக்காரர், வசந்தி. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அதனால் திருத்தவும் ஆளில்லை. வலது கைக்காரருக்குக் கம்பி கட்டிய கிட்டாரை, கம்பிகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். கீழ் ஸ்வரம் தரும் தடித்த கம்பிகள் கீழ்ப்பக்கம் போய்விட்டன. மற்றவர்கள் கட்டைவிரலால் கீழ் ஸ்வரங்களைத் தட்டி, மற்ற விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். இவர் விரல்களால் கீழ் ஸ்வரங்களைத் தட்டி, கட்டைவிரலால் மெட்டை வாசித்தார். அந்த வாசிப்புக்கு இன்று அவர் பெயரிலேயே ‘காட்டன் பிக்கிங்’ என்று பெயர். நம் இசை ஆசிரியர் உன் இடது கையைத் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றியது நினைவிருக்கிறதா? எனக்கு அது இன்றும் ஆறவில்லை. உன் கை தப்பே செய்யவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். சின்ன வயதிலேயே திருமணம், ஒரு மகள். உலகியல் பாட்டெல்லாம் கூடாது என்று தேவாலயத்தில் சொன்னார்கள். குடும்பம், வேலை என்று கிட்டார் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போனது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல பத்தாண்டுகள். பிறகு வாஷிங்டனில் ஒரு கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தபோது, வழிதவறி நின்ற ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். அந்த அறிமுகத்தில் அவர்கள் வீட்டுக்கே வேலைக்குப் போனார். வீடு முழுக்க நாட்டுப்புற இசை. சுவரில் தொங்கிய கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்தார். பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். அந்த வீட்டு மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்து, 1958இல் முதல் இசைத்தட்டு வந்தது. அப்போது லிப்பாவுக்கு (அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்) அறுபது வயது தாண்டிவிட்டது!

அதற்குள் ரயில் பாட்டு இங்கிலாந்துக்குப் போய், வேறு இருவர் பெயரில் பதிவாகி, 1957இல் வெற்றிப் பாடலும் ஆகிவிட்டது. பாட்டைக் கட்டியவர் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பம் துணை நின்ற பிறகுதான் அவர் பெயரும் உரிமையில் சேர்ந்தது. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் ஊர் ஊராகப் பயணம். 1964இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. மேடை ஏறத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் வீட்டு வேலையை விட முடியவில்லை. பாடிச் சேர்த்த பணத்தில் 1978இல் சிராக்யூஸ் நகரில் சொந்த வீடு. 1985இல், தொண்ணூறு வயதுக்குப் பிறகு, கிராமி விருது. 1987இல் இறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது விருதெல்லாம் இல்லை. ‘ஷேக் சுகரீ’ என்று ஒரு பாட்டு. அதன் அடிகளைக் கொள்ளுப்பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டியிருக்கிறார். இசைத்தட்டில் பாடுவதும் ஒரு கொள்ளுப்பேத்திதான், பாட்டி வாசிக்கிறார். அந்தக் குழந்தைக் குரலுக்கு அடியில் ஓடும் கிட்டாரை நேற்று நான்கு தடவை கேட்டேன்.

கிட்டாரைக் கொடுத்துவிடாதே, வசந்தி. உறையிலிருந்து எடு. ஒரே ஒரு தடவை திருப்பிப் பிடித்து, உன் இடது கையால் மீட்டிப் பார். யாரும் பார்க்கப் போவதில்லை. எப்படி வந்தாலும் அலைபேசியில் பதிவுசெய்து எனக்கு அனுப்பு. முதலில் கம்பிகளை மட்டும் புதிதாக மாற்றிவிடு, துருப்பிடித்த கம்பி விரலை அறுத்துவிடும்.

அன்புடன்,
மல்லிகா