குடும்ப வரலாற்றையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப் பழக்கத்திலிருந்து மீள்வது பற்றிய தங்கள் தலையங்கம் மன உறுதியையே பெரிதும் வலியுறுத்துகிறது. சரி, ஆனால் பெற்றோர் வழியாக ரத்தத்தில் வரும் மரபுக்கும் இதில் பங்கு உண்டு. டென்மார்க்கில், கைக்குழந்தையாகவே தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த ஆண்களை ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடிநோயாளிக்குப் பிறந்தவர்களிடம் அந்நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. இதற்கென ஒற்றை மரபணு கிடையாது. பலவற்றின் சிறுசிறு விளைவுகள் சேர்ந்து வருவது. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைச் சுமார் பாதி என்கின்றன. மீதி சூழல். (தெருமுனை மதுக்கடையும் அதில் சேர்த்தி!)

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, குடிக்கும் கணவரைப் பற்றிச் சொல்லும் பெண்கள் பலரும் கடைசியில் கேட்டது, "பையனுக்கும் வந்துடுமா?" என்றுதான். அதைக் குறிக்க எங்கள் பதிவேட்டில் இடமே இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். குடும்பத்தில் குடிநோய் உண்டா என்றும் அப்போதே கேட்கலாம். உண்டு என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதின்வயதிலேயே ஆலோசனை கிடைக்க வேண்டும். விவரம் மட்டும் பள்ளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகக் கூடாது.

- ஓய்வுபெற்ற செவிலியர், விருதுநகர் மாவட்டம்