ரப்பர் அச்சும் பச்சை விளக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறும் தகுதி உண்டா இல்லையா என்பதை மெஷின் லேர்னிங் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பங்களுக்கு வரைவு எழுதிக் கொடுப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. அதனால் எனக்கும் சொல்ல இரண்டு வார்த்தை இருக்கிறது.

இப்படி ஒரு கருவி ஏன் தேவை என்பது புரிகிறது. 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, மென்பொருள் விண்ணப்பங்கள், எதற்கெல்லாம் காப்புரிமை தரலாம் என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 101-ஆவது பிரிவைக் காட்டி வரிசையாகத் திரும்பி வந்தன. அருவமான ஒரு கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது, அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்றது தீர்ப்பு. அருவமான கருத்து எதுவரை என்று மட்டும் எல்லைக்கோடு போடவில்லை. பணத்தைக் கொட்டும் முன் ஓர் எச்சரிக்கை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

சரி, இயந்திரம் எதைப் படித்துத் தேறியது? பழைய கிளெய்ம்களையும், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகங்களையும், அவற்றுக்குக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர்கள் எழுதிய பதில்களையும்தான். அந்தப் பதில்களே ஒரு நிலையில் நின்றதில்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பொருளியல் பிரிவு 2020-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஆலிஸ் தாக்கிய துறைகளில், முதல் பதிலிலேயே தகுதியில்லை என்று மறுக்கப்படும் வாய்ப்பு, தீர்ப்புக்குப் பிந்தைய 18 மாதங்களில் 31 சதவீதம் ஏறியது. 2019 ஜனவரியில் அலுவலகம் புது வழிகாட்டுதல் தந்த பிறகு ஒரே வருடத்தில் 25 சதவீதம் இறங்கியது. இத்தனைக்கும் 101-ஆவது பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2016-இன் பதில்களில் பழகிய இயந்திரம் 2020-இல் யாருக்கு என்ன ஜோசியம் சொல்லும்?

எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு மென்பொருளைச் சில மாதம் வைத்திருந்தோம். கிளெய்மை ஒட்டினால் சிவப்போ பச்சையோ எரியும். கடன் தவணையைக் கணக்கிடும் ஒரு கிளெய்ம் சிவப்பில் நின்றது. 'இன்ஸ்டால்மென்ட்' இருந்த இடத்தில் 'டேட்டா வேல்யூ', 'கஸ்டமர்' இருந்த இடத்தில் 'ரிமோட் டிவைஸ்' என்று மாற்றிப் போட்டேன். பச்சை! அப்புறம் என்ன, பச்சை எரியும் வரை சொல்லை மாற்றுவதே எல்லோருக்கும் வேலையாகிவிட்டது. எனக்கும் கை அரித்தது, பொய் சொல்வானேன். அந்தக் கிளெய்முக்குப் பரிசோதகரிடமிருந்து வந்த பதில்: இது கடன் தவணைக் கணக்கு, தகுதியில்லை. அவர் கிளெய்மோடு விண்ணப்பத்தில் இருந்த விளக்கவுரையையும் சேர்த்துப் படித்திருந்தார்.

அதே உச்ச நீதிமன்றத்தின் பழைய வழக்குகள் இரண்டு நினைவுக்கு வருகின்றன. 1978-இன் ஃப்ளூக் வழக்கில், ரசாயன ஆலையில் வெப்பமோ அழுத்தமோ எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை தர வேண்டும் என்பதை ஒரு சூத்திரத்தால் அவ்வப்போது திருத்தும் முறை. தகுதியில்லை என்றார்கள். 1981-இன் டீர் வழக்கில், அச்சில் வேகும் ரப்பரின் வெப்பத்தை விடாமல் அளந்து, வெப்பத்துக்கு ஏற்ப வேதிவினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டை வைத்துக் கணினி நேரம் கணக்கிட்டு, பதம் வந்ததும் அச்சைத் திறக்கும் முறை. தகுதி உண்டு என்றார்கள். சூத்திரம், வெப்பம், மீண்டும் மீண்டும் கணக்கு என்று சொற்களை மட்டும் எண்ணினால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் முதலாவதில் கடைசியில் கையில் நிற்பது ஓர் எண்; இரண்டாவதில் வெந்த ரப்பர் வெளியே வருகிறது. இந்த வித்தியாசம் போதுமா என்பதில் டீர் வழக்கின் நீதிபதிகளே ஐந்துக்கு நான்காகப் பிரிந்தார்கள்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தக் கருவியின் துல்லியம் இத்தனை சதவீதம் என்று எழுதும் முன், இந்த இரண்டு கிளெய்ம்களையும் அதில் ஒட்டிப் பார்த்து, எதற்கு என்ன நிறம் எரிந்தது என்று எழுதட்டும்.

இப்படிக்கு,
காப்புரிமை வரைவாளர் ஒருவர், கோவை