‘யூதர்கள் கொன்றார்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பத்து வயதுப் பேத்தி ஞாயிறு பள்ளியிலிருந்து ஒரு பாடத்தாளோடு வந்தாள். ‘இயேசுவைக் கொன்றவர்கள் யார்?’ என்ற கேள்விக்கு ‘யூதர்கள்’ என்று எழுதி, சிவப்பு மையில் சரி வாங்கியிருந்தாள். “பாட்டி, இயேசுவும் யூதர்தானே?” என்று கேட்டாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நாங்கள் மூன்று தலைமுறையாக லுத்தரன்கள். பக்கத்துத் தரங்கம்பாடியில்தான் ஜெர்மன் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கினார். அவர் 1718-ல் எழுப்பிய ஆலயத்துக்குப் பெயரே புதிய எருசலேம். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே எருசலேம் மக்களைக் கொலைகாரர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? சிலுவை ரோமர்களின் தண்டனை. அதை விதித்த பிலாத்து ரோம தேசாதிபதி. வாராவாரம் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில்கூட ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’ என்றுதான் இருக்கிறது. யூதர் என்ற சொல் அதில் கிடையாது.

யூதர்கள் நம் விசுவாசத்தை ஏற்கவில்லை என்பது உண்மை. அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் ஏசாயா 7:14-ல், இயேசுவின் பிறப்பை முன்னறிவிப்பதாக நாம் ‘கன்னிகை’ என்று வாசிக்கிற இடத்தில் எபிரெயுவில் உள்ள சொல் ‘அல்மா’, அதாவது இளம்பெண். இயேசுவுக்கு வெகு முன்பே, ஆகாஸ் ராஜாவின் காலத்தில் பிறக்கப்போன ஒரு குழந்தையைப் பற்றித்தான் தீர்க்கதரிசி பேசினார் என்கிறார்கள் அவர்கள். நாம் சுவிசேஷம் எழுதிய மத்தேயுவோடு சேர்ந்து கிரேக்க மொழிபெயர்ப்பின் ‘கன்னி’யைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்களும் யூதர்களே, அதுவும் கிறிஸ்துவுக்கு முன்பே. மேசியா, அதாவது வாக்களிக்கப்பட்ட மீட்பர், வந்தால் உலகில் சமாதானம் வரும், அது எங்கே என்றும் கேட்கிறார்கள். இயேசு மறுபடி வருவார் என்பது நம் பதில்.

இயேசு யூதராகவே போதித்தார், பின்னால் அவரைப் பற்றிப் பிரசங்கித்த பவுல்தான் தனி மதம் ஆக்கினார் என்று அவர்களில் பலர் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. ‘நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்’ என்றுதான் 1 கொரிந்தியர் 15-ல் பவுல் எழுதுகிறார். தனக்கு முன்னே இருந்தவர்களிடம் வாங்கியதைத்தான் கொடுத்தார். ஆனால் அந்த முன்னோர்களும் யூதர்கள்தான்!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1543-ல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். அமெரிக்க லுத்தரன் சபை 1994-ல் அந்த வார்த்தைகளை வெளிப்படையாகத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. லுத்தர் மேல் எனக்கு உயிர். ஆனாலும் இது எனக்குப் பெரிய வெட்கம்.

மறுநாள் பேத்தியைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். அங்கே எங்கள் ஒட்டு மாமரத்தின் அடியில் ஒட்டின தழும்பு இன்னும் முண்டாகத் தெரியும். கீழே நாட்டு மாங்கன்று, மேலே நல்ல ஜாதிக் குச்சி. ரோமர் 11-ல் பவுல் சொல்வது இதற்கு நேர் எதிர். நாம் காட்டொலிவக் கிளை, நல்ல ஒலிவ மரம் இஸ்ரவேல், அதாவது யூத மக்கள். சுபாவத்துக்கு விரோதமாய் தேவன் நம்மை அதில் ஒட்டினார் என்கிறார். “நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது” என்று அங்கேயே நின்று வாசித்தேன். அவள் அந்த முண்டைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், பாடத்தாளில் ‘யூதர்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘பிலாத்து’ என்று எழுதினாள்.

அந்தத் தாளைத் தயாரிப்பவர்கள் அடுத்த லெந்து (தவக்) காலத்துக்குள் கேள்வியையும் விடையையும் திருத்தி அச்சிட வேண்டும். நேரில் வந்து உதவச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பொறையார்